ஒயர் கூடை: புதிதாகப் பின்னுபவருக்கும் மறந்துபோனவருக்கும்

மார்கழி விடியலில் கைக்குழந்தையின் தலைக்கு ஒரு குல்லா. அதைத் தாண்டிக் கம்பளிக்குப் பெரிய வேலை இல்லாத ஊர்கள் பெரம்பலூரும் அரியலூரும். இங்கே பின்னல் என்றால் பெரும்பாலும் ஒயர் கூடைதான். சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கவும், திங்கள், வெள்ளியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோகவும் இதுவே தோதான கூடை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தபின், பரணில் கிடந்த கூடைகள் பல வீடுகளில் இறங்கி வந்தன. ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பவர் கேட்பது சரிதான். ஆண்டுக்கணக்கில் உழைத்தால்தான் அதற்கு நியாயம்; ஆகவே உறுதியாகப் பின்ன வேண்டும்.

தொடங்குபவருக்குச் சாதா முடிச்சு ஒன்று போதும். ஒரு ஒயரை வளைத்துப் பிடித்து, இன்னொன்றை அதன்மேல் சுற்றி, நுனியை வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு விழும். நான்கு திசைக்கும் ஒவ்வொரு நுனி நீட்டிக்கொண்டிருக்கும். நான்கையும் ஒரே அளவு இறுக்குவதுதான் கைப்பழக்கம். நுனியைச் சாய்வாக வெட்டினால் சுலபமாக நுழையும். கட்டிலிருந்து பிரித்த ஒயர் சுருண்டுகொண்டே இருந்தால் சிறிது நேரம் வெயிலில் போட்டு நீவி விடுங்கள்.

பலர் சறுக்குவது முடிச்சில் அல்ல, ஒயரை வெட்டுவதில். அடிப்பாகம் அகலத்தில் 8, நீளத்தில் 16 முடிச்சு என்று வைத்துக்கொள்வோம். அகலவாட்டில் 16 ஒயர், நீளவாட்டில் 8 ஒயர் வேண்டும். அடி முடிந்ததும் சுற்றிலும் 48 நுனிகள் நிற்கும்; அவைதான் மேலே எழும்பி, சுற்றி வரும் தனி ஒயரோடு முடிச்சிடப்பட்டுச் சுவராகின்றன. சுவர் 14 வரிசை என்றால் அகலவாட்டு ஒயர் ஒவ்வொன்றும் அடியில் 8, இருபுறமும் 14, 14 என மொத்தம் 36 முடிச்சுப் போடும். நீளவாட்டு ஒயரோ 44 போடும். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டினால் ஒரு பக்கம் மிஞ்சும், மறுபக்கம் பற்றாது. ஆகவே முதலில் ஒரு துண்டில் 10 முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, எவ்வளவு ஒயர் போயிற்று என்று அளந்துவிடுங்கள். ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு. அடுத்த வீட்டு அக்கா சொல்லும் முழக்கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கணக்குக்கு மேல் இரு முனையிலும் ஒரு சாண் கூடுதலாக விடுங்கள். கடைசி வரிசைக்குப் பின் நுனிகளை உள்பக்கமாக மூன்று நான்கு முடிச்சுக்குள் செருகி மறைக்க அது வேண்டும்.

டிசைனுக்கு அவசரப்பட வேண்டாம். சாதா முடிச்சிலேயே நிறத்தை மாற்றினால் போதும். மேலே எழும் ஒயர்களில் நிறம் மாறி மாறி வந்தால் நெடுக்கில் பட்டை, சுற்றி வரும் ஒயரில் மாற்றினால் குறுக்கில் பட்டை, இரண்டிலும் மாற்றினால் கட்டம். என் ஓட்டு கட்டத்துக்குத்தான். பார்வையாகவும் இருக்கும், எண்ணுவதில் தவறு நேர்ந்தால் உடனே காட்டியும் கொடுக்கும்.

பள்ளி நாளில் பின்னிவிட்டுப் பல வருடம் கழித்துத் திரும்புபவர் கதை வேறு. முடிச்சைக் கை மறக்காது. மூலை திருப்புவதும் ஒயர் இணைப்பதும்தான் மறந்திருக்கும். அடியின் ஓரத்தில் முதல் சுற்றைச் சற்று அதிகமாக இறுக்கினால் சுவர் நேராக நிமிரும். புது ஒயரை மூலையில் இணைக்காதீர்கள். பக்கச் சுவரின் நடுவில், பழைய நுனியும் புது நுனியும் இரண்டு மூன்று முடிச்சுக்குச் சேர்ந்து ஓடும்படி இணையுங்கள். இவை கைக்கு வந்தபின் சிவன் கண், பிஸ்கட், நெல்லிக்காய் என்று மற்ற முடிச்சுகளுக்குப் போகலாம். நெல்லிக்காய் முடிச்சு உப்பலாக அழகாக இருக்கும், ஆனால் ஒயரை நிறையத் தின்னும். அர்ச்சனைக் கூடைக்குச் சரி. காய்கறிக் கூடைக்கு வீண் செலவு என்பேன்.

கைப்பிடிக்கு மிஞ்சிய துண்டுகளைப் பயன்படுத்துவது கெட்ட பழக்கம். கூடையின் மொத்தப் பாரமும் அங்கேதான் விழுகிறது. அதற்கான ஒயரை ஆரம்பத்திலேயே வெட்டித் தனியாக எடுத்துவையுங்கள். நுனிகளை விளிம்போடு நிறுத்தாமல் சுவரில் பாதிவரை இறக்கிச் செருகுங்கள். பின்னி முடித்ததும் ஐந்து கிலோ வெங்காயத்தைப் போட்டுத் தெருக்கோடிவரை நடந்து பாருங்கள். கைப்பிடி இளகாமல் இருந்தால், அடுத்த கூடையை யாருக்காவது விலைக்குப் பின்னித் தரலாம்.