கலஹாவின் லயங்களும் மீண்டெழும் ஆற்றலும்

பேராதனையிலிருந்து மலையேறும் பாதை கலஹாவைக் கடந்து தெல்தோட்டைக்குச் செல்கின்றது. அம்மலைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் யேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமை பாடநூல்கள் யாவும் கூறும் செய்தியாகும். அத்தேயிலையை வளர்த்த மக்கள் தமக்கு நேர்ந்த இடர்களை எவ்வாறு தாங்கினர் என்பதையே நாம் இங்கு நோக்க விழைகின்றோம்.

இடருற்றோர் மீண்டெழும் ஆற்றல் பெரும்பாலும் தனிமனிதரின் மனவுறுதியாகவே பேசப்படுகின்றது. உளவியலறிஞர் எம்மி வேர்னர், ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாயில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல தசாப்தங்கள் தொடர்ந்து ஆராய்ந்தார். கடும் இடர்களிடையே வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஆற்றல் மிக்கவர்களாக உருவாயினர். அவர்களிடம் இயல்பான குணநலன்கள் இருந்தன. எனினும் பாட்டியோ, அயலவரோ, ஆசிரியரோ ஒருவரேனும் உறுதுணையாக நின்றமை முக்கிய காரணமாயிற்று. கவாயும் கூலித் தொழிலாளரைக் குடியேற்றிய கரும்புத் தோட்டத் தீவு என்பது நமக்குக் கருதத்தக்கது.

லயத்து வாழ்விலும் இதனை அவதானிக்கலாம். விடியற்காலைப் பெரட்டுக்குத் தாய் விரைகையில் குழந்தை பிள்ளை மடுவத்திலோ அடுத்த காம்பராப் பாட்டியிடமோ விடப்படுகின்றது. சீட்டுப் பிடித்தல், மரண வீட்டிற்குப் பணமும் அரிசியும் சேர்த்தல், மாசியில் காமன் கூத்துக்குத் தோட்டமே ஒன்றுகூடுதல் ஆகியன வெறும் வழக்கங்களல்ல. வங்கியும் காப்புறுதியும் எட்டாத மக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட ஏற்பாடுகள். இவற்றின் சுமையிற் பெரும்பகுதியைப் பெண்களே சுமந்தனர். ஆயினும் ஆணுக்கு நிகரான நாட்கூலி அவர்களுக்கு 1984இலேயே கிடைத்தது.

ஆனால் இவ்வேற்பாடுகளுக்கும் எல்லையுண்டு. 1973–74 உணவு நெருக்கடியின்போது பங்கீட்டு உணவு குறைய, தோட்டப்புறங்களில் மரணங்கள் கடுமையாக அதிகரித்தன. அதே மலையின் அயற்கிராமத்துச் சிங்கள விவசாயியும் ஏழையே. எனினும் அவரிடம் ஒரு பலாமரமோ, சிறு வயலோ இருக்க வாய்ப்பிருந்தது. கூலியை மட்டும் நம்பிய தொழிலாளிக்குச் சொந்தமென ஒரு பிடி மண்ணும் இல்லை. வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில், பஞ்சத்தை உணவின் இருப்பால் மட்டும் விளக்கவியலாது, உணவைப் பெறும் உரித்தையும் நோக்கவேண்டும் என நிறுவினார். கலஹா மலைகளுக்கும் இது பொருந்தும். பட்டினியின் முன் லயத்து ஒற்றுமை என்ன செய்யும்? இல்லாதவர் இல்லாதவரிடம் எத்தனை நாள் கடன் வாங்குவது?

இவ்வுரித்தின்மைக்கு அரசியல் வேருமுண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. குழந்தைக்குத் துணைநின்ற பாட்டி கப்பலேறியபோது அறுந்தது உறவு மட்டுமன்று. மீண்டெழுதலுக்கு ஆதாரமான ஏற்பாடே அறுந்தது. 1977, 1983 வன்செயல்கள் எஞ்சியவற்றையும் உலுக்கின.

எனவே மலையக மக்களின் பொறுமையை வியந்து பாராட்டுவோரிடம் நமக்குச் சிறிது ஐயமுண்டு. எதையும் தாங்குவர் என்னும் புகழுரை, தாங்கவைப்போருக்கு வசதியானது. நாடற்றோராய் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. தலைமுறைகளாகக் குடியிருந்தும், லயக் காம்பராவுக்கும் அதன் முன்னுள்ள மரக்கறிப் பாத்திக்கும் உறுதிப்பத்திரம் பெறாத குடும்பங்கள் இன்றும் பலவாகும்.