கிரீன் கார்டு வரும்வரை கைகொடுப்பது எது? அமெரிக்க குடியேற்ற விண்ணப்பங்களும் அவற்றின் பலன்களும்

"கிரீன் கார்டுக்கு போட்டாச்சு" என்று அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ போனில் சொன்னால், சீக்கிரமே கார்டு வந்துவிடும் என்றுதான் ஊரில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் போட்டது எந்தப் படிவம் என்பதைப் பொறுத்துதான் எல்லாமே. சில விண்ணப்பங்கள் தாக்கல் செய்ததுமே பலன் தரும். சிலவற்றுக்கு ஒப்புதலே கிடைத்தாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒரு நாள்கூட தங்க முடியாது.

ஐ-140: வரிசையில் ஒரு இடம்

எச்-1பி விசாவில் இருப்பவருக்காக அவரது நிறுவனம் தாக்கல் செய்வது இந்த மனு. வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்கு சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்தான் ஒதுக்கப்படுகின்றன. எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதனால் இந்தியர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

ஐ-140 ஒப்புதல் என்பது கார்டு இல்லை, வரிசையில் இடம்பிடித்த தேதி, அவ்வளவுதான். ஆனாலும் இந்த ஒப்புதலை லேசாக எடை போட முடியாது. எச்-1பி விசாவுக்கு 6 ஆண்டுதான் உச்சவரம்பு. ஐ-140 ஒப்புதல் இருந்து, வரிசையில் முறை வரவில்லை என்றால், 3 ஆண்டுகள் வீதம் நீட்டித்துக்கொண்டே போகலாம். ஒப்புதல் கிடைத்து 180 நாள் கடந்துவிட்டால், நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும் மோசடி போன்ற காரணம் இல்லாதவரை அந்தத் தேதி பறிபோகாது. அடுத்த நிறுவனம் புதிதாக மனு போட்டாலும் பழைய தேதியிலேயே நிற்கலாம்.

எச்-4 விசாவில் இருக்கும் மனைவி அல்லது கணவர் வேலைக்குப் போகவும் வழி இதுதான். 2015-ல் வந்த விதிப்படி, ஐ-140 ஒப்புதல் பெற்றவரின் துணை ஐ-765 படிவம் மூலம் வேலை அனுமதி அட்டை கேட்கலாம். ஆனால் 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்பு விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு தானாக நீட்டிப்பு கிடைக்காது. பழைய அட்டை காலாவதியாகி, புதியது வராவிட்டால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும்.

ஐ-485: நிஜமான நிம்மதி இங்கேதான்

வரிசையில் முறை வந்தபிறகு போடுவது ஐ-485. இது நிலுவையில் இருக்கும்போது அமெரிக்காவில் தங்கலாம். ஐ-765 போட்டு வேலை அனுமதியும், ஐ-131 போட்டு பயண அனுமதியும் வாங்கலாம். 180 நாள் கடந்தால், அதே மாதிரியான வேலைக்கு நிறுவனமும் மாறலாம்.

சிக்கல் பயணத்தில்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாக சென்னைக்கு விமானம் ஏறும்போது, கையில் பயண அனுமதி இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே கைவிட்டதாகக் கருதுவார்கள். செல்லுபடியாகும் எச்-1பி, எச்-4, எல் விசா நிலையில் இருந்து, அதிலேயே திரும்புபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. டிக்கெட் போடும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேலை போனால்?

எச்-1பி ஊழியருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் புதிய நிறுவனம் எச்-1பி மனு போட்டாலே போதும், ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் அங்கே வேலையில் சேரலாம். நிறுவனம் கிடைக்கவில்லையா? ஐ-539 படிவம் போட்டு பார்வையாளர் நிலைக்கு மாறக் கேட்கலாம். அது நிலுவையில் இருக்கும்வரை பொதுவாகத் தங்கலாம், வேலை பார்க்கக் கூடாது.

கணவர் அடித்தால்?

கணவரின் விசாவைச் சார்ந்து இருப்பதால் கொடுமையைப் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. "போலீசுக்குப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டலும் சகஜம். இவர்களுக்கென்றே தனி விண்ணப்பங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது.

கணவர் அமெரிக்க குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால், மனைவி தன் பெயரிலேயே ஐ-360 மனு போடலாம். 1994-ல் வந்த சட்டம் தந்த உரிமை இது. கணவரின் கையெழுத்து தேவையில்லை, மனு போட்ட விவரத்தை அதிகாரிகள் அவரிடம் சொல்லவும் கூடாது. கொடுமைக்கு ஆளாகும் கணவர்களும் இதைப் போடலாம்.

கணவர் எச்-1பி விசாவில் இருப்பவர் என்றால் இந்த வழி பொருந்தாது. ஆனால் ஐ-765வி என்ற படிவத்தில் வேலை அனுமதி கேட்கலாம். குற்ற விசாரணைக்கு உதவுபவர்களுக்கு யு விசாவும் உண்டு, அதற்கு ஐ-918 படிவத்துடன் போலீஸ் போன்ற விசாரணை அமைப்பின் சான்று வேண்டும். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் என்பதால் காத்திருப்பு அதிகம்.

ஐ-130: உறவுக்கான மனு

அமெரிக்க குடியுரிமை பெற்றவர் தன் துணை, பெற்றோர், 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளுக்குப் போட்டால் எண்ணிக்கை வரம்பு இல்லை. அண்ணன், தங்கைக்குப் போட்டால் பல ஆண்டு வரிசை. ஐ-130 ஒப்புதல் மட்டும் தங்கவோ வேலை பார்க்கவோ உரிமை தராது.

திருமணமாகி 2 ஆண்டு ஆகும் முன்பே துணை வழியாகக் கார்டு கிடைத்தால், அது 2 ஆண்டுக்கு மட்டுமே செல்லும். காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 போட வேண்டும். வழக்கமாக கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போடுவார்கள். விவாகரத்து ஆகியிருந்தாலோ கொடுமை நடந்திருந்தாலோ தனியாகவும் போடலாம்.

கட்டணமே இல்லாத ஒரு படிவமும் இருக்கிறது, ஏஆர்-11. வீடு மாறினால் 10 நாளுக்குள் புதிய முகவரியை இதன் மூலம் தெரிவிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், நேர்காணல் அழைப்பு பழைய வீட்டுக்குப் போய்விடலாம்.