குறுக்குப் பொருத்தச் சோதனையில் ரிட்டக்சிமாப் குறுக்கீடு

குறுக்குப் பொருத்தச் சோதனை என்பது, சிறுநீரகம் போன்ற உறுப்பொன்றை மாற்றிப் பொருத்தும் முன், கொடையாளியின் உயிரணுக்களைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் பெறுநரின் குருதியில் உள்ளனவா என அறியும் ஆய்வாகும். பெறுநருக்கு ஏற்றப்பட்ட மருந்தே ஒரு பிறபொருளெதிரியாக இருப்பின் இச்சோதனை தவறான முடிவைத் தரக்கூடும். இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ரிட்டக்சிமாப் ஆகும்.

சோதனை முறை

1969 இல் பட்டேல், டெராசாகி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இச்சோதனையின் தேவையை நிலைநாட்டியது. கொடையாளியின் நிணநீர் உயிரணுக்களுடன் பெறுநரின் குருதிநீரும் (சீரம்), முயலின் குருதியிலிருந்து பெறப்படும் நிரப்புப் புரதங்களும் சேர்க்கப்படும். பொருந்தாத பிறபொருளெதிரி இருந்தால் அது உயிரணுக்களில் ஒட்டிக்கொள்ளும். நிரப்புப் புரதங்கள் அவற்றை அழிக்கும். இது நேர்மறை முடிவு எனப்படும். டி, பி என்னும் இருவகை உயிரணுக்களும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன.

குறுக்கீடு

ரிட்டக்சிமாப் 1997 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக ஒப்புதல் பெற்றது. இது பி உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி20 என்னும் புரதத்தைப் பற்றுகிறது. பெறுநரின் சொந்த பி உயிரணுக்கள் இம்மருந்தால் முன்னரே அழிந்திருக்கும். எனினும் குருதிநீரில் சில மாதங்கள் வரை எஞ்சியிருக்கும் மருந்து, சோதனையின்போது கொடையாளியின் பி உயிரணுக்களையும் கொன்றுவிடும். ஒளிர்சாயத்தைக் கொண்டு பிறபொருளெதிரிகளைக் கண்டறியும் முறையும் இதற்கு விலக்கன்று.

டி எதிர்மறை, பி நேர்மறை என்னும் இதே தோற்றத்தை, இரண்டாம் வகுப்பு எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிரான உண்மையான பிறபொருளெதிரிகளும் தரும். அப்புரதங்கள் பி உயிரணுக்களில் உண்டு. ஓய்வுநிலையிலுள்ள டி உயிரணுக்களில் இல்லை. எனவே மருந்தின் விளைவை உண்மையெனக் கொண்டால் பொருத்தமான சிறுநீரகம் வீணே மறுக்கப்படும். உண்மையான பிறபொருளெதிரியை மருந்தெனக் கொண்டாலோ, பொருத்திய சிறுநீரகம் தாக்கப்படும். இத்தகைய பிறபொருளெதிரிகள் மிகுந்தவர்களுக்கே, அவற்றைக் குறைக்கும் பொருட்டு, இம்மருந்து பலவேளைகளில் வழங்கப்படுவதால் சிக்கல் மேலும் கூடுகிறது.

வேறுபடுத்தி அறிதல்

கொடையாளியின் உயிரணுக்களைப் புரோனேசு என்னும் நொதியால் பதப்படுத்தினால் சிடி20 நீங்கும்; ஆயினும் நொதியின் அளவு மிகுந்தால் எச்.எல்.ஏ. புரதங்களும் சிதையக்கூடும். தூய எச்.எல்.ஏ. புரதங்கள் பூசப்பட்ட நுண்மணிகளில் சிடி20 இல்லை. ஆதலால் அம்மணிகளைக் கொண்டு செய்யும் சோதனையில் மருந்து தலையிடுவதில்லை. மணிச் சோதனையில் கொடையாளிக்கு எதிரான எதுவும் தென்படாதபோது, பி நேர்மறை முடிவு மருந்தினால் விளைந்தது எனக் கருத இடமுண்டு. மருந்து ஏற்றப்பட்ட நாள் ஆய்வுக்கூடத்துக்குத் தெரிவிக்கப்படாவிடில் இந்த ஐயமே எழாமற் போகலாம்.

பிற மருந்துகள்

சிடி52 புரதத்தைப் பற்றும் அலெம்டுசுமாப், டி, பி இரண்டிலும் நேர்மறை முடிவைத் தரவல்லது. சிடி38 புரதத்தைப் பற்றும் டாராடுமுமாப், குருதி ஏற்றத்துக்கான பொருத்தச் சோதனையையும் குழப்புகிறது; செங்குருதியணுக்களிலும் சிடி38 சிறிதளவு இருப்பதே இதற்குக் காரணம்.