வெள்ளை எது என்று கமெராவுக்குச் சொல்லுதல்

திருகோணமலை நகரம் ஒருபுறம் திறந்த கடலையும் மறுபுறம் உள்துறைமுகத்தையும் கொண்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருப்பதால், அங்கே படம்பிடிக்கும் ஒளிப்பதிவாளர், கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலைக்குக் கிழக்கே கடலிலிருந்து எழும் செவ்வொளி, டச்சுக்குடா மணலில் பட்டுத் தெறிக்கும் நண்பகல் வெயில், உள்துறைமுகத்தின் மேல் சாயும் மாலை மஞ்சள், கோயில் மண்டபத்தின் எண்ணெய் விளக்கு என நிறத்தால் வேறுபட்ட பல ஒளிகளை ஒரே நாளில் எதிர்கொள்கிறார். மனிதக் கண் இவ்வேறுபாட்டைப் பெரிதும் உணர்வதில்லை. ஒளி மாறும்போது கண்ணும் மூளையும் தம்மைத் திருத்திக்கொள்வதால், வெயிலில் வெள்ளையாகத் தெரிந்த வேட்டி விளக்கொளியிலும் வெள்ளையாகவே தெரிகிறது. கமெராவின் உணரிக்கு அத்தகைய பழக்கம் கிடையாது. அது தன்மீது விழுந்த ஒளியை விழுந்தபடியே அளப்பதால், விளக்கருகே அந்த வேட்டி மஞ்சளாகவும் நிழலில் நீலமாகவும் பதிவாகும். இந்த ஒளியில் வெள்ளை என்பது இதுதான் என்று கருவிக்கு அறிவிக்கும் செயலே வெண்சமநிலை. தொழிலில் இருப்போர் இதனை ‘வைட் பேலன்ஸ்’ என்றே வழங்குவர்.

ஒளியின் நிறத்தை அளக்கப் பயன்படுவது நிறவெப்பநிலை என்னும் அளவு. ஒளியை முற்றாக உறிஞ்சும் கரும்பொருளைச் சூடேற்றினால் அது முதலில் சிவந்தும் பின்னர் மஞ்சளித்தும் வெளுத்தும் இறுதியில் நீலச் சாயலுடனும் ஒளிரும் என்பதால், ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய வெப்பநிலை கெல்வின் அலகில் குறிக்கப்படுகிறது. மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். படப்பிடிப்புக்குரிய டங்ஸ்டன் விளக்கு 3200. நண்பகல் வெயில் 5600 அளவு. முகில் மூடிய வானம் 6500க்கும் மேல். நீல வானம் மட்டும் ஒளியூட்டும் நிழல் 8000ஐயும் தாண்டக்கூடும். சமையலறைப் பழக்கத்துக்கு மாறாக, இங்கே எண் ஏற ஏற ஒளி குளிர்ந்ததாகத் தோற்றமளிக்கும். மேலும், இந்த எண்கள் சம இடைவெளியில் அமைந்தவை அல்ல: 2500க்கும் 3500க்கும் இடையிலான மாற்றம் கண்ணுக்குப் பளிச்செனத் தெரிய, 9000க்கும் 10,000க்கும் இடையிலான மாற்றம் அரிதாகவே உணரப்படும். அதனால் விளக்கொளியில் சில நூறு கெல்வின் தவறினாலும் படம் கெட்டுவிடும்.

தொழில்முறை வீடியோ கமெரா சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சமிக்ஞைகளை உருவாக்குகிறது. வெண்சமநிலைப் பொத்தானை அழுத்தும்போது, பச்சையை அடிப்படையாகக் கொண்டு சிவப்பும் நீலமும் அதற்குச் சமமாகும்வரை பெருக்கப்படுகின்றன அல்லது குறைக்கப்படுகின்றன. அந்த அளவுகளே நினைவில் வைக்கப்படுகின்றன. பல கமெராக்களில் இதற்கென மூன்று நிலைகளைக் கொண்ட ஆளி உண்டு: ஒன்று தொழிற்சாலையில் நிறுவப்பட்ட அளவு, மற்ற இரண்டு ஒளிப்பதிவாளர் தாமே பதிவுசெய்துகொள்ளும் ‘ஏ’, ‘பி’ நினைவுகள். கோயிலுக்கு உள்ளேயும் வெளியேயும் மாறிமாறிப் படம்பிடிப்பவர் உள்வீதிக்கு ஒன்று, வெளிவீதிக்கு மற்றொன்று எனப் பதித்துக்கொண்டால் ஒரு சொடுக்கில் மாறிக்கொள்ளலாம்.

அளவெடுக்கும் முறை எளிது; ஆனால் அவசரத்தில் பிழையாகிவிடுவதும் இதுவே. காட்சியின்மீது விழும் அதே ஒளியில், படம்பிடிக்கப்படுபவரின் முகம் இருக்கும் இடத்தில், நடுநிலைச் சாம்பல் அட்டையையோ வெள்ளை அட்டையையோ பிடித்து, சட்டகத்தின் பெரும்பகுதியை அது நிரப்புமாறு நெருங்கி, ஒளி மிகாதவாறு துவாரத்தைச் சரிசெய்த பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். அட்டை அளவுக்கு மீறி ஒளிர்ந்தால் மூன்று சமிக்ஞைகளும் உச்சத்தில் முட்டிநின்று போலியான சமநிலை கிடைக்கும். அருகிலிருப்பவரின் வேட்டியையே அட்டையாகக் கொள்வோரும் உண்டு. நீலம் போட்டு வெளுத்த துணியும், ஒளிரூட்டிகள் கலந்த சலவைத்தூளில் துவைத்த துணியும் நீலச் சாயல் கொண்டவை. கருவி அந்த நீலத்தை வெள்ளையெனக் கொண்டு நீலத்தைக் குறைத்துவிடும் என்பதால் முகங்கள் யாவும் மஞ்சள் பூசியதுபோல் பதிவாகும்.

மகா சிவராத்திரியை ஒட்டிக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது, பல கமெராக்களைக் கொண்டு நேரடியாக ஒளிபரப்புவோருக்கு ஒரு கூடுதல் கட்டுப்பாடு உண்டு. எல்லாக் கமெராக்களும் ஒரே அட்டையை ஒரே ஒளியில் பார்த்து அளவெடுக்காவிட்டால், காட்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதெல்லாம் சுவாமியின் சாத்துப்படியே நிறம் மாறிக் காட்சியளிக்கும். தீப்பந்தமும் மின்குமிழும் கலந்த வீதியில் எந்த ஓர் அளவும் இரண்டுக்கும் பொருந்தாது. அங்கே முகத்தின்மீது விழும் ஒளிக்கு ஏற்ப அளவெடுத்து, மற்றதை அதன் போக்கில் விட்டுவிடுவதே நடைமுறை.

ஆனால் ஒளியின் நிறமே காட்சியின் பொருளாக இருக்கும் இடங்களில் அட்டை பிடிப்பது தவறு. சுவாமிமலையில் விடியலைப் படம்பிடிப்பவர் அந்தச் செவ்வொளியிலேயே அட்டையைக் காட்டினால், கமெரா கடமை தவறாமல் சிவப்பை நீக்கி, எந்நேரத்திலும் எடுக்கக்கூடிய ஒரு சாதாரணக் காலையைத் தந்துவிடும். 5600 கெல்வினில் நிறுவிய அளவை அங்கே அசைக்காமல் விடுவதே முறை. ஆரத்திச் சுடருக்கும் இதே நியாயம் பொருந்தும். கருவி தானே இடைவிடாமல் சரிசெய்துகொள்ளும் தானியங்கி முறையோ, மீன்படகு சட்டகத்துக்குள் நுழைந்து விலகுவதற்குள் கடலின் நிறத்தையே நகர்த்திவிடக்கூடியது. ஓடித் திரிந்து செய்தி சேகரிப்போர்க்கு அது உதவலாம், திருத்தமான பணிக்கு உகந்ததல்ல.

திரைச்சுருள் காலத்தில் இந்தத் தெரிவு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். பகலொளிக்கென ஒரு சுருளும் 3200 கெல்வின் விளக்குக்கென மற்றொரு சுருளும் விற்கப்பட்டன. இடைப்பட்டதைக் கண்ணாடி வடிகட்டிகளால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குடன் திருகோணமலைக் கடலில் மூழ்கிப் பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்ட மைக் வில்சன், 1962இல் ‘ரன்முத்து தூவ’ என்னும் முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படத்தை இயக்கி, இக்கடலின் அடிக்காட்சிகளை அதில் சேர்த்தபோது, பொத்தானை அழுத்தி நிறம் திருத்தும் வசதி அவருக்கு இருக்கவில்லை.

இன்று அவ்வசதி உண்டு. கடலடியில் அதன் எல்லையும் விரைவாகவே வந்துவிடுகிறது. நீர் சிவப்பொளியை முதலில் உறிஞ்சுவதால், சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கத் தொடங்கிப் படம் நீலப்பச்சையாகிவிடும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் ஆழங்குறைந்த பவளப்பாறைகளைப் படம்பிடிப்போர், வெள்ளைப் பலகையொன்றைக் கையோடு கொண்டுசென்று, ஆழம் மாறுந்தோறும் புதிதாக அளவெடுத்து ஓரளவு மீள்கின்றனர். பத்துப் பதினைந்து மீற்றருக்குக் கீழே பெருக்குவதற்குச் சிவப்பே போதுமான அளவில் மிஞ்சுவதில்லை. அங்கே சிவப்புச் சமிக்ஞையை எவ்வளவு உயர்த்தினாலும் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சலே கூடும். அந்த ஆழத்துப் பவளத்தின் சிவப்பைப் பதிவுசெய்ய விரும்புவோர் மேலிருந்து விளக்கைக் கொண்டுசெல்ல வேண்டியதுதான்.