மெலிந்த எலும்புக்கு எந்த இடுப்பு?

பசறை, மடுல்சீமை, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் முப்பது நாற்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மாமார் இடுப்பை முறித்துக்கொள்ளச் செங்குத்து மலை தேவையில்லை. லயத்து வாசலின் ஈரப் படி போதும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பு உள்ளுக்குள் வேகமாக மெலிகிறது. இதுதான் எலும்புப்புரை. நின்ற நிலையில் விழுந்தாலே தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிடும். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் "இடுப்பு மாற்ற வேண்டும்" என்றதும் வீட்டார் கேட்பது, "எது டொக்டர் நல்ல சாமான்?"

எல்லா முறிவுக்கும் செயற்கை இடுப்பு வேண்டியதில்லை. கழுத்துக்குக் கீழே முறிந்தால் தகடும் திருகாணியும், அல்லது எலும்புக்குள் நீள ஆணியும் வைத்துப் பொருத்துவார்கள். கழுத்திலேயே முறிந்து விலகினால், பந்து போன்ற மேல்முனைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அறுந்துபோகலாம். பொருத்தினாலும் ஒட்டாது, அல்லது பந்து செத்துப்போகும். அப்போதுதான் மாற்றுகிறார்கள்.

பந்தை மட்டும் மாற்றினால் பாதி மாற்று. இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்தால் முழு மாற்று. வீட்டுக்குள் மட்டும் நடமாடும் எண்பது வயதுப் பாட்டிக்குப் பாதியே போதும்: சத்திரசிகிச்சை சிறியது, மூட்டு கழன்றுவிடும் ஆபத்தும் குறைவு. விழும்வரை தனியாகக் கடைக்குப் போய்வந்தவர் என்றால் முழு மாற்றைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் உண்மையான கேள்வி, பந்தைத் தாங்கும் தண்டு தொடை எலும்புக்குள் எப்படி நிற்கப்போகிறது என்பதுதான். சீமெந்து இல்லாத தண்டு சொரசொரப்பானது. அதைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். எலும்பு அதன்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கெட்டியான எலும்புக்கு அது சரி. எலும்புப்புரையிலோ சுவர் மெல்லியது, உட்குழி அகன்றது. உக்கிய மரத்தில் ஆப்பு அடித்த கதைதான்: இறுக்கினால் பிளக்கும், விட்டால் ஆடும்.

இவர்களுக்குச் சீமெந்துதான் ஏற்றது. இது கட்டடச் சீமெந்து அல்ல. பல்செட்டின் தட்டுச் செய்யும் அக்ரிலிக் வகை. இங்கிலாந்து வைத்தியர் ஜோன் சார்ன்லி, 1962இல் நிலைநிறுத்திய உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ண முறையில் இதைத்தான் பயன்படுத்தினார். தூளையும் திரவத்தையும் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே குழைத்து, மாவுப் பதத்தில் குழிக்குள் அழுத்தித் தண்டை இறக்குவார்கள். சில நிமிஷங்களில் சூடேறி இறுகிவிடும். 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், பாதி மாற்றுச் செய்த அறுபது வயதைக் கடந்தவர்களில், தண்டைச் சுற்றி எலும்பு மறுபடி முறிந்தது சீமெந்து வைத்தவர்களில் 0.5 வீதம், வைக்காதவர்களில் 2.1 வீதம். ஆபத்து இல்லாமலில்லை: சீமெந்தை அழுத்தும் நேரத்தில் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென விழும். இருதய வருத்தம் இருந்தால் மயக்க மருந்து வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

முழு மாற்றில் "இரட்டை அசைவு" என்றொரு வகை உண்டு. 1970களில் பிரான்ஸில் ஜில் பூஸ்கே வடிவமைத்தது. சிறிய பந்து பெரிய பந்துக்குள் சுழல, பெரியது கிண்ணத்துக்குள் சுழலும். மூட்டு கழல்வதை நன்றாகக் குறைக்கிறது. குந்தும் கக்கூசும், பலகைக்கட்டையில் இருந்து சமைக்கும் அடுப்படியும் உள்ள வீட்டுக்கு இது பெரிய விஷயம். இருந்தாலும், எந்தச் சாமான் வைத்தாலும் வைத்தியர் அனுமதிக்கும்வரை குந்தக் கூடாது. கக்கூசுக்கு ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று கட்டாயம் வேண்டும். உலோகப் பந்துக்கு உலோகக் கிண்ணம் என்ற ரகத்தை மறந்துவிடுங்கள். அதில் பெயர்பெற்ற ஒன்றை 2010இல் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். சிறிய மூட்டுள்ள பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

புது இடுப்பு வைத்தாலும் மற்ற இடுப்பும் முதுகெலும்பும் அதே மெலிந்த எலும்புதான். டிக்கட் வெட்டும் அன்று, எலும்புக்கு என்ன மருந்து என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாரம் ஒருமுறை அலென்ட்ரொனேட் குளிசை தந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், தேத்தண்ணியும் குடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.