சீரியல் செட்டில் மயில் எப்படி ஆடுகிறது?

மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டு முடிந்தால் போதும், தாராபுரம் வட்டாரத்தில் சவுக்குக் கம்பம் நட்டு, தட்டிகளில் பல்பு கட்டத் தொடங்கிவிடுவார்கள். இருட்டியதும் அதில் மயில் தோகை விரிக்கும். பெருநகரங்கள் பெருஞ்செலவில் நடத்தும் ஒளிக்கலை விழாக்களின் நுட்பம் நம் சீரியல் செட்காரர்களுக்குப் பழக்கமானதுதான். கலைஞர்கள் என்று அவர்களை நாம் அழைப்பதில்லை, அழைக்க வேண்டும்.

மயில் நகர்வதேயில்லை. தோகையின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி பல்பு வரிசை உண்டு. ஒன்று அணைந்த கணமே அடுத்தது எரிவதால் கண் அதை அசைவாக எடுத்துக்கொள்கிறது. பழைய குட்டி பல்பு ஏறக்குறைய 6 வோல்ட்தான் தாங்கும். வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். ஆகவே சுமார் 40 பல்புகளை வரிசையாகக் கோத்து மின்னழுத்தத்தைப் பங்கிட்டார்கள். ஒன்று பியூஸ் போனால் வரிசையே இருண்டுவிடும். அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

எந்த வரிசை எப்போது எரிய வேண்டும்? மேற்கு வங்கத்தின் சந்தன்நகரில் இதற்கு உருளை வைத்தார்கள். மோட்டார் சுழற்ற, உருளைமேல் உள்ள உலோகத் தகடு கம்பியைத் தொடும்போதெல்லாம் ஒரு வரிசை எரியும். 1950 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்த ஊர், ஸ்ரீதர் தாஸ் போன்ற முன்னோடிகளால் விளக்குக் கலைக்கே பெயர்பெற்றது. ஜகத்தாத்ரி பூஜையில் தெருத்தெருவாகப் படங்கள் ஓடும். இன்று உருளையின் வேலையை ஒரு சிப் செய்கிறது, பிக்சல் எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்கலாம்.

பழைய நகர்ப்பகுதியில் விளக்குக் கட்டும்போது கூடுதல் கவனம் தேவை. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதி. அங்கே தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையின் குறுக்கே, தலைக்கு மேலே ஒளி வளைவுகள் கட்டுகிறார்கள். பழைய கடைவீடுகளின் முகப்பு மறைவதில்லை.

தாராபுரத்தில் அமராவதி ஆற்றின் கரையில் இருக்கும் அகத்தீஸ்வரர் கோயில் போன்ற கற்கட்டடத்துக்கு எதிரிலிருந்து ஃப்ளட் லைட் அடிப்பது பெருந்தவறு. நிழல் போய், சிற்பமும் சுவரும் ஒன்றாகத் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டித் தாழ வைத்த மஞ்சள் விளக்கு, உளி பட்ட இடத்தையெல்லாம் எடுத்துக்காட்டும். கல்லில் ஆணி அடிக்கவே கூடாது.

தெருவில் கட்டும் தட்டிக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பொருத்த வேண்டும். பிக்சல் விளக்கு 5 அல்லது 12 வோல்ட்டில் எரிந்தாலும், அதற்கு வரும் மெயின் வயரில் இருப்பது அதே 230 வோல்ட். மழையில் நனைந்த இணைப்பின்மேல் கை வைக்கப்போவது கம்பம் ஏறும் பையன்தான்.