தோனி இருக்க யார் கேப்டன்?

சென்னை சேப்பாக்கம் மைதானத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் பிள்ளையார்பாளையத்து டீக்கடையிலும் காந்தி ரோடு பட்டுக்கடை வாசலிலும் ஐ.பி.எல். பேச்சு எடுத்தால், நாலு வருஷமாக அது ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது: சென்னை அணியில் தோனிக்கு அப்புறம் யார்? ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு ஒழுங்காக அவகாசமே தரவில்லை என்கிறது ஒரு கட்சி. சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான் என்கிறது இன்னொரு கட்சி. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சுவை வாங்கியதிலிருந்து, ருதுராஜே கேப்டன் என்று நிர்வாகம் சொன்ன பிறகும், இரண்டாவது கட்சியின் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் ஒலிக்கிறது. இரு தரப்புமே ஆளைப் பார்த்துச் சண்டை போடுகின்றன. பதவி கைமாறிய விதத்தைப் பார்த்தால், அங்கே யாரை உட்கார்த்தியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

தேதிகளைப் பாருங்கள். 2022-இல் ஜடேஜாவைக் கேப்டன் என்று அறிவித்தது மார்ச் 24. முதல் ஆட்டம் மார்ச் 26. எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்வி, ஏப்ரல் 30 அன்று பதவி மறுபடி தோனியிடம். அணி ஒன்பதாவது இடத்தில் முடித்தது. 2024-இல் ருதுராஜை அறிவித்தது மார்ச் 21. மறுநாளே சேப்பாக்கத்தில் பெங்களூருடன் தொடக்க ஆட்டம். அந்த வருஷம் பதினான்கில் ஏழு வெற்றி, ரன் ரேட்டில் பிளே-ஆஃப் கைநழுவியது. ஐ.பி.எல். அணிக்கு முதல் முறையாகப் பொறுப்பேற்றவருக்கு அது ஒன்றும் மோசமில்லை. 2025-இல் ஐந்து ஆட்டங்களில் ஒரே வெற்றியோடு அவர் முழங்கை முறிவால் விலக, மீண்டும் தோனி; மீதி ஒன்பதில் மூன்று வெற்றி; ஐ.பி.எல். வரலாற்றில் முதல் தடவையாகச் சென்னை கடைசி இடம். பழைய கேப்டன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்தக் கடைசிக் கணக்கைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அதே சீசனில் மார்ச் 28 இரவை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூருக்கு எதிராக 197 இலக்கு, விக்கெட்டுகள் சரிகின்றன. அஸ்வின் எட்டாவதாக இறங்கினார், தோனி ஒன்பதாவதாக. 16 பந்தில் 30 ரன். கடைசி ஓவரில் சிக்ஸர் பறந்தபோது மைதானம் ஆர்ப்பரித்தது. அணி 50 ரன்னில் தோற்றது, அதுவும் 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் முதல் தோல்வி. அந்த வரிசையில் யார் எங்கே இறங்குவது என்பதை அன்றைய கேப்டன் ருதுராஜ்தான் முடிவு செய்தார் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த தோல்விக்குப் பின் பயிற்சியாளர் ஃபிளெமிங் பேசியதும் தோனியின் முழங்காலால் எத்தனை ஓவர் தாங்க முடியும் என்பதைப் பற்றித்தான்.

கைமாற்றுவது எப்படி என்பது காஞ்சிபுரத் தறிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். புடவையின் உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால் பிட்னி போடுவார்கள். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் முந்தியின் புது இழையைச் சேர்த்து, கொஞ்ச தூரம் இரண்டையும் ஒன்றாகவே நெய்து, பிறகு பழைய இழையை எடுத்துவிடுவார்கள். சேர்த்து நெய்வதும் வேண்டும், எடுப்பதும் வேண்டும். சென்னை அணி முதலாவதைச் செய்ய ஒரு நாள், இரண்டு நாள்தான் ஒதுக்கியது. இரண்டாவதைச் செய்யவே இல்லை. இரண்டையும் செய்த அணிகள் வேறு ஆட்டங்களில் உண்டு. அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்றொரு இடம், ஆட்டத்தின் போக்கைக் களத்தில் நடத்துகிறவருக்கு.  கிரீன் பே பேக்கர்ஸ் அணி அந்த இடத்துக்கு 2005-இல் ஆரன் ராட்ஜர்ஸை எடுத்து, பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் மூன்று வருஷம் உட்காரவைத்தது. 2008-இல் ஃபார்வை வேறு அணிக்கு அனுப்பிவிட்டு ராட்ஜர்ஸிடம் பந்தைக் கொடுத்தது. பிறகு அதே ராட்ஜர்ஸுக்குப் பின்னால் ஜோர்டன் லவ் மூன்று வருஷம் காத்திருந்தார். 2023-இல் ராட்ஜர்ஸும் கிளம்பினார்.

மூத்தவர் அணியில் இருப்பதே தடையா, சச்சினும் டிராவிடும் இருக்கத்தானே தோனி டெஸ்ட் கேப்டனாக ஜெயித்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோனியே 2017 ஜனவரியில் ஒருநாள், டி20 கேப்டன் பதவிகளை விட்டு, கோலியின் கீழ் 2019 உலகக் கோப்பை வரை ஆடினார். ஆனால் இந்திய அணியில் தேர்வாளர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. 2018 அக்டோபரில் டி20 அணியிலிருந்து அவரை விட்டுவிடவும் அவர்களால் முடிந்தது. சென்னை அணியில் அந்த வேலையை யார் செய்வார்? நாள் குறிக்க வேண்டியவரும் தோனியே, விலக வேண்டியவரும் தோனியே. இத்தனைக்கும் 2014 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட் முடிந்ததும், தொடர் பாதியில் இருக்கும்போதே, டெஸ்ட்டை முழுசாக விட்டவர் அவர். அடுத்து டெஸ்ட் கேப்டனான கோலிக்கு அப்போது பின்னால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

ரசிகன் கோபித்துக்கொள்வான், மஞ்சள் சட்டை விற்காது என்பது அடுத்த வாதம். 2024 சீசனுக்கு ரோஹித்தை மாற்றி ஹர்திக்கைக் கேப்டனாக்கிய மும்பை, சொந்த மைதானத்திலேயே கூச்சலுக்கு ஆளாகிக் கடைசி இடத்தில் முடித்தது உண்மைதான். மறு வருஷம் அதே ஹர்திக்கின் கீழ் இரண்டாவது தகுதிச் சுற்று வரை போனதும் உண்மை. 2011 ஏலத்தில் கங்குலியை எடுக்காமல் கம்பீரை வாங்கியபோது கொல்கத்தாவில் நடந்த ஆர்ப்பாட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த ஆண்டே கம்பீர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதுவும் சேப்பாக்கத்தில், நம்மை வீழ்த்தி. நம் ஊர் ரசிகன் மட்டும் அவ்வளவு மறதியில்லாதவன் என்று நிர்வாகம் ஏன் நினைக்கிறதோ! ஐந்து கோப்பை தந்தவரை யாரும் மறக்கப்போவதில்லை. அவர் கடைசியாக ஆடும் நாளை முன்கூட்டியே சொல்லட்டும், சேப்பாக்கம் கண்ணீரோடு வழியனுப்பும். ஒரு வருஷம் டக்-அவுட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கட்டும். ருதுராஜோ சஞ்சுவோ, களத்தில் தோனி பக்கம் பார்க்காமல் டி.ஆர்.எஸ். மறுஆய்வு கேட்கும் ஒரு சீசனாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அதற்குள் அவர்களைத் தேறாதவர்கள் என்று எழுதிவிடாதீர்கள்.